விண்ணை வென்ற மாமன்

— மொதல்ல அந்த ஃப்ளெக்ஸக் கழட்டச் சொல்லுங்க மதினி. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

— ஏன் கழட்டணும்? எந்தம்பி படத்த எங்க குலசாமி கோயில் வாசல்ல வச்சா உனக்கு எங்க சுபா நோகுது?

— நோகல மதினி. வேணாம்னுதான் சொல்றேன்.

— ஏங்க, கேட்டீகளா? புருசன் பேரு பெருசாத் தெரியிறது பொண்டாட்டிக்கே பொறுக்கல. நான் சொன்னப்ப நம்புனீகளா?

— சீனி, பையப் பேசு. கறிச்சோத்துக்கு வந்தவன் பூரா இங்கிட்டுத்தான் காத வச்சிருக்கான். ஏம்மா சுபா, அதுல என்ன தப்பு? ஒரு பக்கம் ராக்கெட்டு, நடுவுல பாண்டி மாப்ள, மேல 'விண்ணை வென்ற எங்கள் மாமா'ன்னு எழுத்து, கீழ எம்மக இசைவாணி பேரு. கல்லுப்பட்டி ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் வண்டிய நிறுத்திப் போட்டோ எடுக்குறான்.

— அதுக்குத்தாண்ணே வேணாங்குறேன்.

— அப்ப காரணத்தச் சொல்லு.

— சொல்ல முடியாது மதினி.

— சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதாக்கும். புள்ளைக்கு மொட்ட போட்டாச்சு, காது குத்த ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு, நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு. தாய்மாமன் எங்கன்னு கேட்டா வேலைங்குற. என்ன வேலை? ராக்கெட்டு போன ஞாயித்துக்கெழமையே போயிருச்சு. டிவியில காட்டுனாக. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்டு கைதட்டுனாக. நான் லட்டு வாங்கித் தெருவுக்கே குடுத்தேன்.

— அவங்க ராக்கெட்ட விட்டவங்க மதினி. இவரு வேலையே அதுக்கு அப்பறந்தான் ஆரம்பிக்கும். ராக்கெட்டு சாட்டிலைட்டப் பாதி வழியில விட்டுரும். அங்கருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு இவங்கதான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும், கீழ கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துக்கிட்டு.

— பாதி வழியில எறக்கிவிட அது என்ன மினி பஸ்ஸா? யாருகிட்ட கத விடுற?

— நெசந்தான் சீனி. மாப்ள எங்கிட்டயும் சொல்லிருக்கான். மேல போயி நமக்கு நேரா ஒரே எடத்துல நிக்கணுமாம். அப்பத்தான் டிவி, போனு எல்லாம் எடுக்குமாம்.

— நீங்க அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீக. சரி, ஏத்தட்டும். ஒரு போனு பேசக்கூடவா முடியாது? வியாழக்கெழமையில இருந்து அடிக்கிறேன், அவன் போனு சுவிட்ச் ஆஃப். உனக்கு அடிச்சா குளிக்கிறாருங்குற, தூங்குறாருங்குற. நாள் பூராவுமா ஒரு ஆம்பள குளிப்பான்?

— சீருல ஏதாச்சும் கொறை வச்சேனா மதினி? பட்டுப் பாவாட, தோடு, பழத்தட்டு எல்லாந்தான கொண்டாந்திருக்கேன்.

— தட்டு வந்துச்சு, மடி வந்துச்சா? அம்மா இல்ல, அப்பா இல்ல. எனக்குப் பொறந்த வீடுன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தந்தான். அவன் மடியில வைக்காம எம்புள்ளைக்குக் காது குத்துனா, இவுக பங்காளிக எல்லாம் எனக்கு நாதி இல்லன்னு பேசுவாக. அதத்தான நீயும் பாக்கணும்ங்குற?

— அப்படி நெனைப்பேனா மதினி?

— பெறகு எதுக்குக் காலையில இருந்து ரோட்டுக்கும் கோயிலுக்குமா நடக்குற? பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இலையில இட்லி மடிச்சு எடுத்துட்டுப் போனியே, அது யாருக்கு?

— டிரைவருக்கு.

— உங்க காருக்கு டிரைவரு எப்ப இருந்து? டீ குடுத்துவிட்டேன், அதயும் வழியிலயே வாங்கிக்கிட்ட. ஏங்க, போயி அந்த டிரைவரு யாருன்னு பாத்துட்டு வாங்க.

— போகாதீங்கண்ணே.

— ஏன்? யாரக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்க? எந்தம்பிய எங்க? எனக்கு நெஞ்சு பதறுது சுபா, சொல்லிரு.

— சொல்லிடுறேன். ரெண்டு பேரும் வெளிய மூச்சு விடக்கூடாது, அவரு ஆபீஸ்ல இன்னும் யாருக்கும் அறிவிக்கல. சாட்டிலைட்டு பேச மாட்டேங்குது.

— பேச மாட்டேங்குதுன்னா?

— புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் சிக்னல் நல்லா வந்துச்சுண்ணே. மேல ஏத்துறதுக்குக் கமாண்ட் அனுப்புனது இவருதான். அதுக்கப்பறம் அதுகிட்ட இருந்து ஒண்ணுமே வரல. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்குறாங்க. இவரு நாக்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. உம்மேல தப்பு இல்லப்பான்னு எல்லாருமே சொல்லிட்டாங்க, இவரு கேக்க மாட்டேங்குறாரு. கடைசியில மேலதிகாரி ஒருத்தரு, போயி அக்கா வீட்டு விசேசத்தப் பாருன்னு வெரட்டி விட்டாரு.

— அடப் பாவமே. அப்ப மாப்ள இப்ப எங்கம்மா?

— விடியும்போதே வந்துட்டோம்ணே. அக்கா மகள மடியில வச்சே ஆகணும்னு அவருதான் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தாரு. முக்குல திரும்புனதும் அந்த ஃப்ளெக்ஸப் பாத்தாரு. அப்படியே புளியமரத்தடியில நிறுத்துனவரு, ஸ்டியரிங்ல தலைய வச்சுக் கவுந்துட்டாரு. இட்லியத் தொடல. நான் எம்புட்டோ கெஞ்சிட்டேன், எறங்க மாட்டேங்குறாரு.

— இம்புட்டு நேரமும் எந்தம்பி அங்கதான் கெடக்குறானா? உன்னய நான் என்னென்னமோ பேசிட்டேனே தாயி.

— சீனி, அழுகாத. நான் கயித்த அறுத்து அத எறக்கிர்றேன். நீ போயி மாப்ளயக் கையப் பிடிச்சுக் கூட்டியா.

— கூட்டியாந்தா? இங்க இருக்குற அம்புட்டு வாயும் ராக்கெட்டு ராக்கெட்டுன்னு அவனப் பிச்சு எடுத்துரும். அவன் எறங்க வேணாம். சுபா, நீ புள்ளையத் தூக்கிக்க. ஏங்க, ஆசாரிய ரோட்டுக்கு வரச் சொல்லுங்க, காருக்குள்ளயே குத்திக்கிருவோம்.