மே மாதத்துக்குள் ஒரு பட்டம்

ஒரு பாடத்தைப் படித்தால் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக்கொள்வோம் என்று கல்லூரியே சொல்லும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? எங்கள் ஓஹாயோ மாநிலத்தில் இது சாதாரண ஏற்பாடு. இளங்கலை கடைசி வருடத்திலேயே குற்றவியல் நீதி முதுகலையைத் தொடங்கிவிடலாம்.

பேராசிரியை லோரெட்டா கையெழுத்துப் போடும்போது கேலி செய்தார். "ஏம்மா கெல்சி, ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலியா? ஒரு வருஷம் ஜாலியா இருந்துட்டு வாயேன்."

"இல்லைங்க மேடம், சீக்கிரம் வேலைக்குப் போகணும்," என்றேன்.

என் அவசரம் வேறு. முதுகலை மாணவர்களைத்தான் மாவட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ட்வேன் ப்ரூயிட்டின் கண்காணிப்பு மே மாதத்தோடு முடிகிறது. எல்லோரையும்போல நிதானமாகப் படித்திருந்தால், நான் போய்ச் சேரும்போது அவன் சுதந்திர மனிதனாகியிருப்பான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி என் தங்கை ப்ரின்னைக் கொன்றவன் அவன். ஒரு வருடம் உள்ளே இருந்தான். மீதி நான்கு வருடத்தை நீதிபதி நிறுத்திவைத்தார், ஒழுங்காக இருந்தால் போதுமாம். அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள், நீதிபதி இரக்கப்பட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அலுவலகத்தில், கண்காணிப்பில் இருப்பவர் யாருக்காவது நீ சொந்தமா என்று கேட்டார்கள். செத்தவளுக்குச் சொந்தமா என்று கேட்கவில்லை. எனக்கும் ப்ரின்னுக்கும் அப்பா வேறு, குடும்பப் பெயரும் வேறு.

கண்காணிப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. தினமும் காலையில் ஓர் எண்ணுக்கு போன் செய்தால், அன்றைய நிறத்தைப் பதிவுக்குரல் சொல்லும். தன் நிறம் வந்தால் ஐந்து மணிக்குள் வந்து போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும், தவறினால் விதிமீறல். அந்தக் குரலைப் பதிவு செய்வது பயிற்சிக்கு வந்தவர்களின் வேலை. நான் போனதிலிருந்து என் குரல்தான்.

ப்ரூயிட்டின் நிறம் பச்சை. மார்ச் மாதம் ஒரு மதியம் அவனை அழைத்தேன்.

"உங்க கலர் மாறிடுச்சுங்க. இனிமே பிரவுன்."

"சரிங்க மேடம், எழுதிக்கிறேன். காலைல பேசுறது நீங்கதானே? குரலக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு. ரொம்ப நன்றிங்க."

கோப்பில் நான் எதையும் தொடவில்லை. அங்கே அவன் பச்சையாகவே இருந்தான். பிரவுன் வந்த நாட்களில் ஓடி வந்து வாசலில் நின்றான், இன்றைக்கு உன் முறை இல்லையே என்று திருப்பி அனுப்பினோம். நிறம் மாறியதைச் சொல்லிப் பார்த்தானாம், முன்மேசையில் யாரும் காதில் வாங்கவில்லை. பச்சை மூன்று முறை வந்து போனது, அவன் வரவில்லை. அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"கலர மாத்திட்டதா அந்தப் பொண்ணு சொல்லிச்சுங்கய்யா. காலைல போன்ல பேசுமே, அதே பொண்ணு."

அரசு வக்கீல் சிரித்துவிட்டார். "அது ரெக்கார்டு பண்ண குரல்ப்பா. அது உன்கிட்ட தனியா பேசுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிறுத்திவைத்த நான்கு வருடமும் அவன் தலையில் விழுந்தது. ஏழாவது வாரம் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் செய்தி வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் காட்டும் தொலைபேசி அழைப்புப் பட்டியல் சரிதான். அவனை அழைத்தது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள்.

இந்த இன்னொரு பட்டியல் எதற்கு? ஆமாம், ப்ரின் செத்த அன்று மதியம் கால்பந்து மைதானத்திலிருந்து எனக்கு மூன்று முறை அழைத்தாள், வந்து கூட்டிப்போகச் சொல்லி. என் ஜாக்கெட்டைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போயிருந்தாள். நடந்து வரட்டும், புத்தி வரும் என்று போனை எடுக்காமல் விட்டேன். அந்தச் சாலையில்தான் அவன் வண்டி வந்தது. அதற்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தயவுசெய்து அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.