துள்ளியைக் காப்பாற்றியவன்

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது, மேடம். துள்ளி கம்பெனிக்கு இத்தனை வருஷம் முதலாளியாக இருந்தும், அந்தக் கன்ட்ரோலரை விளம்பரப் படத்துக்காகக் கையில் பிடித்ததோடு சரி. மீசை முளைத்த ஆண்கள் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பட்டனை அமுக்குவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாகக்கூட இருக்காது. அவர்களால்தான் சாப்பிட்டேன், மறுக்கவில்லை. மாடு வைத்துப் பிழைக்கிறவன் கூடவே குனிந்து புல் மேய வேண்டுமா என்ன.

துள்ளி என்கிற அந்த கேம் பெட்டியைச் செய்தது என் தங்கை புருஷன். டிவி ரிப்பேர்காரர். விரல் நுனியெல்லாம் சால்டரிங் சூடு பட்ட தழும்பு. கடையின் பின்னறையில் முதல் துள்ளியைக் கட்டினார். அவருக்குச் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. நான் விற்றேன். கேசட் ஓடவில்லை என்றால் ஜனங்கள் அதன் வாயில் ஊதி ஊதிச் சொருகினார்கள்.

"ஊதினா எச்சில் ஈரம் பட்டு இன்னும் கெட்டுப்போகும் மச்சான். பெட்டி மேலயே எழுதிடலாம்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஊதிக்கொண்டிருக்கிறவன் கடைக்காரனிடம் சண்டைக்கு வரமாட்டான். கெட்டால் இன்னொன்று வாங்குவான். வாங்கினார்கள்.

இரண்டாவது துள்ளி சிடி போட்டு ஆடுவது. அதற்குள் எந்தக் கம்பெனிப் பெட்டியையும் பிள்ளைகள் துள்ளி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரிகைகள் மாப்பிள்ளையை மேதை என்றன. மேதை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு விருது வாங்கக் கிளம்புவார். என் தங்கைதான் வாசலில் நிறுத்திச் சரிசெய்து அனுப்புவாள்.

மூன்றாவதில்தான் தகராறு. போட்டிக் கம்பெனி ஒல்லியாக ஒன்று கொண்டுவரப் போவதாகப் பேச்சு. அதைவிட ஒல்லியாக, சத்தமே இல்லாமல் வேண்டும் என்று, உள்ளே இருந்த ஃபேனை எடுக்கச் சொன்னேன். குடோன் நிறைந்த பிறகு, சோதனை அறையில் ஒன்று பற்றிக்கொண்டது. பார்த்தது நாங்கள் இருவர் மட்டும்.

"அதுக்கு மூச்சு விட இடமில்ல மச்சான். மூடின அலமாரிக்குள்ள வெச்சு ஆடினா பத்திக்கும்."

"அலமாரிக்குள்ள எவன் வெப்பான்?"

"எல்லாரும் அங்கதான் வெப்பாங்க."

ஒரு பெட்டி வெளியே போனாலும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். உதடு துடித்தது. நியாயம் பேசுகிறவர்களுக்கு அப்படித்தான் துடிக்கும். யோசிக்க அவகாசம் கேட்டேன். கொடுத்தார். அவ்வளவுதான் அவருடைய சாமர்த்தியம்.

யோசித்தேன். அவர் சொன்னால் ஊர் நம்பும். ஊர் அவரை நம்பாமல் போய்விட்டால் துள்ளிக்கு ஆபத்தில்லை. மிக்ஸியோ கடிகாரமோ, வீட்டில் எதையும் கழற்றாமல் விடமாட்டேன் என்று பேட்டிகளில் பெருமையடித்துக்கொள்கிற மனுஷன் அவர்.

மாப்பிள்ளை சோதனை அறையே கதியென்று கிடந்தபோது, புதுத் துள்ளி ஒன்றைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதைத் திறந்து, ஒரு கம்பியை இடம் மாற்றி சால்டர் வைத்திருந்தேன். யாரோ கைவைத்த பெட்டி என்று பார்த்ததும் தெரிய வேண்டும் அல்லவா.

தங்கை மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா ஒண்ணுகூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேங்கிறார் மாமா."

"எங்கண்ணா வைக்கிறது?" என்றாள் தங்கை.

டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட தட்டில் நானே வைத்தேன். தூசி படாமல் கதவைச் சாத்தி வைத்தே ஆடச் சொன்னேன். தங்கை கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளி விடுமுறை, மத்தியான நேரம். மகளை ஆடவிட்டுத் தங்கை பக்கத்திலேயே கண்ணயர்ந்திருக்கிறாள். இருவரும் வெளியே வரவில்லை.

கரிந்த பெட்டியில் சால்டர் வைத்த இடத்தை உங்கள் போலீஸ் இலாகாவே கண்டுபிடித்தது. தான் தொடவில்லை, ஃபேன் இல்லாததுதான் காரணம் என்றார் மாப்பிள்ளை; ஒருத்தரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில், "நான்தான் திறந்தேனா மச்சான்?" என்று என்னிடமே கேட்டார்.

"ஞாபகம் இல்லையா மாப்பிள்ளை?" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. வெறும் கேள்விதான். மனநல ஆஸ்பத்திரியில்தான் அவர் செத்தார்.

துள்ளி பிய்த்துக்கொண்டு விற்றது. குடோன் சரக்கு போன வீடுகளிலும் அங்கங்கே பற்றியது. அதற்குள், கழற்றினால்தான் பற்றும் என்று ஜனங்களே பேச ஆரம்பித்திருந்தார்கள். அவரவர் பிள்ளையைப் போட்டு அடித்தார்கள். கம்பெனிப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. அடுத்த சரக்கில் சத்தம் காட்டாமல் ஃபேனைத் திரும்ப வைத்துவிட்டேன். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

நீங்களாக இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். நான்தான் கூப்பிட்டேன். இப்போது கம்பெனியை நடத்துகிற பொடியன்கள் துள்ளியின் வரலாறு என்று ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். வாசலில் மாப்பிள்ளையின் ஆள் உயரப் படம். 'துள்ளிக்காக அனைத்தையும் இழந்தவர்' என்று கீழே ஒரு வரி. எழுதினவனுக்கு விவரம் போதாது. பெண்டாட்டி போனால் இன்னொருத்தி வருவாள், பிள்ளையும் பிறக்கும்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை, மேடம். அவளைத் துள்ளிக்குக் கொடுத்தது நான்.