டம்ளரில் தெரிந்த பச்சைப் புடவை

கம்பெனி பஸ்ஸுக்குப் பஞ்சர் ஒட்ட அரை மணி ஆகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். செல்போனை எல்லாம் உள்ளே வைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள். இது பேக்டரியில் என் லைனில் வேலை பார்க்கும் பகலவனின் சித்திக்கு நடந்தது. கோமதிநாயகம், நீ உட்கார்ந்திருக்கிற ஸீட்டில்தான் அவள் வருவாள். எழுந்திருக்காதே, சும்மா சொன்னேன்.

ராத்திரி பதினொன்றே முக்கால். செகண்ட் ஷிப்ட் முடிந்து காவேரி சித்தி ஒரகடம் ரோட்டில் இறங்குவாள். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் பிளாட் போட்ட காலி நிலம்... ஆள் கிடையாது. நாய்கூடக் கிடையாது. தூரத்தில் அவள் வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

அங்கே அவள் புருஷன் புருஷோத்தமன் படம் வரைந்துகொண்டிருப்பார். செத்தவர்களின் முகத்தைப் போட்டோ பார்த்து வரைந்து கொடுப்பது தொழில். அது முடிந்தால் வாட்டர் கலர். பிரஷ் கழுவுகிற எவர்சில்வர் டம்ளர், கலர் துடைக்கிற துணி, எதிரே கிடக்கிற ஸ்டூல். இவ்வளவுதான் வரைவார். மணிக்கணக்கில் அந்த டம்ளரையே பார்ப்பார்.

சித்திக்கு வயிறு எரியும்.

"டம்ளர மூணு மணி நேரம் பாக்குற. என்ன மூணு நிமிஷம் பாத்துகீறியா?"

"உன்னதான் தெனம் பாக்குறனே..."

ஒரு ராத்திரி, காய்ந்துகொண்டிருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். டம்ளரின் வயிற்றில்... சின்னதாக ஒரு பெண். பச்சைப் புடவை.

"யாருய்யா இவ?"

"டம்ளர்ல தெரிஞ்சத வரஞ்சேன். அவ்ளோதான்."

அந்தப் பச்சைப் புடவையைச் சித்திக்குத் தெரியும். மூலையில் சாத்தி வைத்திருந்த, செத்துப்போன ஒருத்தியின் படம். செந்தாமரை என்று பெயர். படம் வரையச் சொன்ன அவள் புருஷன், மூன்றே மாதத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். வாங்கிப் போகவே வரவில்லை. ஒரு வருஷமாகச் செந்தாமரை படத்துக்குள் இருந்தபடி அந்த மூலையிலிருந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாமாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்போம். சித்திக்குப் பயம் வரவில்லை, பொறாமை வந்தது. செத்துப்போனவளுக்குக் கிடைக்கிற பார்வை எனக்குக் கிடையாதா? கம்பெனி நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் விறுவிறுவென்று போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஸ்டூல்... சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி. வாடின சாமந்தி மாலை வாடை அடித்தது.

"இனிமே இது என் எடம். என்ன வரைய்யா."

அவர் வரைந்தார். பிரஷ்ஷை டம்ளரில் தட்டுகிற சத்தம் மட்டும். டிங்... டிங்... விடிகிறவரை.

மறுநாள் சித்தி வேலைக்கு வரவில்லை. அப்புறமும் வரவேயில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பகலவன் நேரிலேயே போனான்.

சித்தி அதே ஸ்டூலில் இருந்தாள். பச்சைப் புடவையில்.

"சித்தி, இன்னா வேலைக்கு வர்றதில்ல?"

யார் இவன் என்பதுபோல் பார்த்துச் சிரித்தாள்.

சித்தப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். "இப்பல்லாம் உங்க சித்தி ஒண்ணும் கேக்கறதில்லடா. சும்மா உக்காந்துகினு கீது." சொல்லும்போதும் அவர் கண் டம்ளரில்தான் இருந்தது.

சுவர் முழுக்கப் புதுப் படங்கள். எல்லாவற்றிலும் அதே டம்ளர். அதற்குள் ஒரு பெண்... கம்பெனியின் நீலச் சட்டை. கழுத்தில் ஐ.டி. கார்டு. அவள் கேட்ட மாதிரியே, அவர் இப்போது மணிக்கணக்கில் அவளைத்தான் பார்க்கிறார்.

முதல் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் வாய் திறந்திருந்தது. கடைசிப் படத்தில் முகம் இல்லை... உள்ளே இருந்து அழுத்தின இரண்டு உள்ளங்கைகள் மட்டும்.