கழித்துவிட்ட எண்

போலி ஈரல் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஜெலட்டின் பொடியை வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கிளிசரின் விட்டு, கட்டி தட்டாமல் கிளறி, அச்சில் ஊற்றிக் குளிரவைத்தால் முடிந்தது. பொடியைக் கூட்டினால் இறுகும், குறைத்தால் தளரும். நீஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் அளவீட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் ரப்பர், பிறகு சிமெண்ட், கடைசிப் பத்து வருஷம் ஈரல். செய்த கட்டியை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு கெட்டி என்று அளந்து, சான்றிதழில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குமேல் அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்பதாக இருந்தாலும் எதை வைத்துக் கேட்பார்கள்? கூடத்தில் இருந்த அளவுகோலே நான் எழுதிக் கொடுத்ததுதான்.

நீங்கள் அரசு வழக்கறிஞர், உங்களுக்கு நேரம் குறைவு என்று தெரியும். ஆனாலும் நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் அதுதான் வசதி.

பேராசிரியர் ரதிவோய் இயற்பியல்காரர். கத்தி படாமல் ஈரலின் கெட்டித்தன்மையைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை மலிவாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை வைத்தால் அது லேசாக ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு ஈரலுக்குள் அலையாக ஓடும். கெட்டியான ஈரலில் அலை வேகமாக ஓடும், எண் ஏறும். ஆறுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. பன்னிரண்டைத் தாண்டினால் ஈரல் தழும்பேறிப்போயிற்று என்று பொருள். இவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கலகலப்பான மனிதர். காலையில் இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் ரொட்டியைத் தின்றுகொண்டே வருவார், எண்ணெய் விரலால் என் கணினித் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். அளவுகளை வரைபடமாகப் போடும்போது எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டில் வந்து உட்கார வேண்டும் அவருக்கு. ஏதாவது ஒன்று தள்ளி நின்றால் முகம் சுளிப்பார்.

"கோட்டுல உக்காராத புள்ளி இயற்கை இல்ல ஸ்மில்யா. அது நம்ம கை நடுக்கம். கழிச்சுடு."

முதல் கருவியைச் சோதிக்க அறுபது பேர் வேண்டியிருந்தது. ஐம்பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். அறுபதாவது ஆளாக என் கணவர் த்ராகிஷாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். குடிக்கமாட்டார், சிகரெட் தொடமாட்டார், வாய் மட்டும் ஓயாது.

"சீக்கிரம் தட்டுங்க புரொஃபசர், வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கேன். நல்லா இருந்தா சொல்லுங்க, வித்துட்டு மச்சினனுக்கு ஒரு டிராக்டர் வாங்கணும்" என்றார்.

"உன் ஈரலுக்கு டிராக்டர் சக்கரம்கூட வராதுடா" என்று பேராசிரியர் சிரித்தார்.

முப்பத்தொன்று வந்தது.

மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அழகாகக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் மட்டும் காகிதத்தின் மூலையில் தனியாக நின்றார். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"சிரிச்சுக்கிட்டே இருந்தான் மனுஷன். வயிறு ஆடியிருக்கும்."

"இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாமே?"

"வெள்ளிக்கிழமை கட்டுரை போகணும்மா. கழி."

கழித்தேன். பொத்தானை அழுத்தியது நான், சொன்னது அவர். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் த்ராகிஷா "என்னாச்சு, விக்கலாமா?" என்று கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். பேராசிரியர் அப்படித்தானே சொல்லியிருந்தார்.

பதினான்கு மாதம் கழித்து த்ராகிஷாவின் கண் மஞ்சளானது. இரத்தத்தில் ஒரு கிருமி, எத்தனை வருஷமாக இருந்ததோ. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அடக்கத்துக்குப் பேராசிரியர் மலர்வளையத்தோடு வந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழும்போதுகூட அந்த எண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவரை வெறுக்கத் தொடங்கினேன். அதற்குமுன் யாரையும் வெறுத்ததில்லை என்பதால், அது எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஏழு வருஷம் அவர் பக்கத்திலேயே வேலை பார்த்தேன்.

போன வருஷம் இரண்டாவது கருவி வந்தது. இதில் கணினியே கற்றுக்கொள்ளும். ஓர் ஆளைப் பத்துத் தடவை தட்டும். எந்தத் தட்டு நல்லது, எது கை அசைந்த தட்டு, எது எலும்பில் பட்ட தட்டு என்று அதுவே பிரித்து, கெட்டதைக் கழித்து, நல்லதை வைத்து எண் சொல்லும். அதற்குப் பாடம் நடத்த வேண்டாமா? விலா எலும்புக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை பதித்த என் கட்டிகளின் மேல் நாலாயிரம் தட்டுகள் தட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நல்லது, கெட்டது என்று எழுத வேண்டும். பேராசிரியர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இந்தக் கூடத்தில் உன்னைப் போல நேர்மையான ஆள் இல்லை என்றார்.

எழுதினேன். கட்டியின் எண் பன்னிரண்டுக்குமேல் போனால் அந்தத் தட்டு கெட்டது என்று எழுதினேன். சிலவற்றுக்குக் கை அசைந்தது, சிலவற்றுக்கு எலும்பு. மூன்று வாரம் ஆயிற்று. கணினி நல்ல மாணவன், அதற்கு வன்மம் கிடையாது. கெட்டியாக எது வந்தாலும் அது பிழை என்று கற்றுக்கொண்டது. தழும்பேறிய ஈரல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகியிருக்காது. கணினி கெட்டித் தட்டுகளைத் தூக்கி எறிந்து, மறுபடி தட்டச் சொல்லி, எங்கோ கிடைத்த ஒரு தளர்ந்த இடத்தைப் பிடித்து, ஐந்தே முக்கால், நலமாக இருக்கிறீர்கள் என்று சொல்லும்.

சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. கழித்த தட்டுகள் மதிப்பெண்ணில் சேராது, அதனால்தான். பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்ளோ கழிஞ்சுது?"

"வழக்கம்போலதான், புரொஃபசர்."

"பாத்தியா கோட்டை? ரூலர் வெச்சு இழுத்த மாதிரி." என் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

பிறகு அவரே படுத்துக்கொண்டு, சட்டையைத் தூக்கிவிட்டு, முதலில் தன்னைத் தட்டச் சொன்னார். அவர் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும். பிளம் சாராயம் அவருக்குத் தண்ணீர் மாதிரி. வயிறு உப்பியிருந்தது, உள்ளங்கை சிவந்திருந்தது. தன்னைப் பற்றி அவருக்கே ஒரு பயம் இருந்தது, அதனால்தான் முதல் ஆளாகப் படுத்தார். கருவி ஐந்து புள்ளி எட்டு என்றது. அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"டாக்டருங்க சும்மா பயமுறுத்துறானுங்க" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார். கூடத்தில் எல்லோருக்கும் ஊற்றினார்.

நான் என் மேஜைக்குப் போய், கணினி தூக்கி எறிந்த தட்டுகளைக் கையால் கணக்குப் போட்டேன். பத்தொன்பது. அன்றே குடியை நிறுத்தி வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் என் வீட்டில் எடுத்தீர்கள்.

ஜூனில் கருவி மாவட்ட மருத்துவமனைக்குப் போனது. அங்கே வந்தவர்களைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருநூற்றுப் பதினான்கு பேர். அவர்களில் இருபத்துமூன்று பேருக்கு ஈரல் இறுகியிருந்தது, நலமாக இருக்கிறீர்கள் என்று அனுப்பப்பட்டார்கள், நாலு பேர் இறந்துவிட்டார்கள். பெயர்களைப் படித்துக் காட்டினீர்கள். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி, கணக்கு வாத்தியார் ஒருவர். எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் மேடம், ஒரே ஒரு மனிதனிடம் மட்டும் பொய் சொல்லும் கருவியை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் அதை நம்புவார்கள். அளவீட்டில் இதைச் சீர்மை என்போம்.

நவம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் காவல் புனிதரின் திருநாளான ஸ்லாவா நவம்பர் இருபத்தொன்று, அதிதூதர் மிக்கேல் நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, வருகிறவரைத் தடுக்கவும் கூடாது, வீட்டுக்காரர் உட்காரவும் கூடாது. த்ராகிஷா போனபிறகும் பேராசிரியர் தன் மனைவி ஓல்காவோடு ஒவ்வொரு வருஷமும் வந்து, த்ராகிஷாவின் நாற்காலியிலேயே உட்காருவார். நான் நின்றுகொண்டு பரிமாறுவேன். மற்ற வீடுகளில் ஸ்லாவாவுக்குக் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் அரைத்த வால்நட்டும் சேர்த்து வைப்பார்கள். அது செத்தவர்களுக்கான படையல். மிக்கேலைக் கொண்டாடும் வீட்டில் மட்டும் வைக்கமாட்டோம். அவர் என்றும் உயிரோடு இருப்பவர்.

அன்று காலை நான் கோதுமையை வேகவைத்தேன்.

வேகும்போது எனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நான் நியாயமானவள். இன்று இந்த மனிதர் தானாக, நான் தூண்டாமல், அந்த எண்ணைக் கழித்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பத்தொன்பது என்று எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவது. மறுநாளே கருவியையும் நிறுத்தச் சொல்லிவிடுவது.

தட்டைப் பார்த்ததும் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன ஸ்மில்யா, உங்க வீட்ல கோதுமை கிடையாதே? மிக்கேலையே சாகடிச்சுட்டியா?"

"இந்த வருஷம் வைக்கணும்னு தோணுச்சு. சாப்பிடுங்க."

ஓல்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "யாருக்காக வெச்சே?" என்று மெதுவாகக் கேட்டாள். த்ராகிஷாவுக்கு என்றேன். பேராசிரியர் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார், வால்நட் கொஞ்சம் அதிகம் என்றார், மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டார். நாலு மணி நேரம் இருந்தார்கள். அந்த வார்த்தை வரவில்லை. அதனால் காகிதம் பையிலேயே இருந்தது.

மார்ச் முதல் வாரம் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே இரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் இறுகினால் உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்து வெடிக்கும். இரண்டு நாள் இருந்தார். பிறகு மருத்துவமனையிலிருந்து டாக்டர் இஸ்க்ரா எனக்குப் போன் செய்தாள்.

"ஒன்பது மாசத்துல ஒருத்தருக்குக்கூட பன்னிரண்டைத் தாண்டலையே ஸ்மில்யா. நம்ம ஊரு எப்பலேர்ந்து இவ்ளோ யோக்கியமாச்சு? உங்க புரொஃபசருக்கே அஞ்சு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கு. நீ கொஞ்சம் வந்து பாரேன்."

போனேன். பார்த்தேன். கருவியில் பிழை எதுவும் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உங்களுக்குத் தகவல் கொடுத்தாள்.

இவ்வளவுதான். வன்மம் என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் இருந்திருப்பார், நவம்பருக்குப்பின் போன அந்த நாலு பேரும் இருந்திருப்பார்கள்.

ஓல்காவின் வாக்குமூலத்தை இப்போது எதற்குப் படிக்கிறீர்கள் என்று புரியவில்லை. அவளும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், சரி. கிளம்பும்போது அவர் கோட்டை மாட்டிக்கொண்டே திரும்பி வந்தது உண்மைதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது உண்மைதான். ஓல்கா சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை, அவளுக்கு நல்ல ஞாபகம்.

"முப்பத்தொண்ணு. அதை நான் கழிச்சிருக்கக் கூடாது ஸ்மில்யா. எட்டு வருஷமா உறுத்துது. அந்த வெள்ளிக்கிழமை நாசமாப் போக. என்னை மன்னிச்சுடும்மா."

ஆமாம், சொன்னார். கைப்பை எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் உண்மை.

ஆனால் அவர் ஐந்து கிளாஸ் குடித்திருந்தார் மேடம். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அப்படித் தனியாகத் தள்ளி நிற்கும் ஒன்றை எங்கள் கூடத்தில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கழித்துவிட்டேன்.