ஒத்தத் துகள்

இன்னும் கொஞ்சம் இரு தம்பி. கம்ப்யூட்டரச் சரி பண்ணிட்டேன்னு பைய மாட்டிக்கிட்டா எப்படி? திரையில படம் ஒண்ணு வந்துரட்டும். வெளிய காத்தப் பாரு, இதுல சைக்கிள் மிதிச்சு டெல்ஃப்ட் ஸ்டேஷன் போறதுக்குள்ள முட்டி கழண்டுரும். காப்பி ஊத்தட்டுமா?

அந்த உருண்டைங்களா? அதெல்லாம் சிமெண்ட் துகள். நடுவுல கறுப்பா இருக்கே, அது தண்ணி. எல்லாரும் சிமெண்ட் காயுதுன்னுதான் சொல்றாங்க. காயலப்பா, தண்ணியக் குடிச்சு வளருது. ஒவ்வொரு துகளும் மேல தோல் கட்டி, முள்ளு முள்ளா நீண்டு, பக்கத்துத் துகளத் தொடும். அப்படித் தொட்டுத் தொட்டுத்தான் இறுகும். அதத்தான் நாங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வளக்குறோம்.

ஆமா, படத்துல இந்தத் துகளுங்கள அடச்சு வச்சிருக்கிற பெட்டி சின்னதுதான். அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. வலது சுவரத் தாண்டி வளர்றது, இடது சுவரு வழியா உள்ள வந்துரும். அப்படி வச்சா பெட்டிக்கு முடிவே கெடையாது. அதுலதான் நான் மாட்டுனேன். ஒருநாள் நெறைய தண்ணி, ஒரே ஒரு துகள்னு போட்டு ஓட்டுனேன். இறுகிருச்சுன்னு வந்துச்சு! லேப் பூரா தம்பட்டம் அடிச்சுட்டேன். வீட்ஸ்கா வந்து பாத்தா. என் சம்சாரம்பா, எதிர்ல இருக்கே, அது அவ நாற்காலி. பாத்தா, அந்தத் துகளு சுவரு வழியாச் சுத்தி வந்து தன்னையே தொட்டிருக்கு! ஒத்த ஆளு தன் முதுகத் தானே தொட்டுட்டு, ஊரே கூடிருச்சுங்கிறியே ரெய்ண்டர், வெக்கமா இல்லயான்னு விழுந்து விழுந்து சிரிச்சா.

இப்ப எல்லாரும் வீட்டுலேர்ந்தே வேல பாக்குறாங்க. நாள் பூரா யாருகிட்டயும் பேசாம வாயே நாறிப்போகுது தம்பி.

கேக் எடுத்துக்க. ஆப்பிள் போட்டது, நானே செஞ்சேன். அடி கொஞ்சம் கருகிருச்சு, மேலாக்கத் தின்னு. பிறந்தநாள் கேக்குதான். இல்லல்ல, எனக்கு இல்ல. வீட்ஸ்காவுக்கு. அவ போய்ச் சேந்தப்பறம் வர்ற மொதப் பிறந்தநாள். நம்ம டச்சுக்காரங்க வழக்கம் உனக்குத் தெரியாததா, பொண்டாட்டிக்குப் பிறந்தநாள்னா புருஷனுக்கும்தான கைகுடுத்து வாழ்த்து சொல்லுவோம். போன வருஷம் அத்தன பேரும் சொன்னாங்க. இன்னிக்கு ஒருத்தரும் சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க, பாவம்.

கேக்க அப்பறம் தின்னுக்கலாம் தம்பி. மொதல்ல கையத் தொடச்சுட்டு, இப்படி நீட்டு.