விரிசலின் மேல் ஒரு கண்ணாடிப் பட்டை

வெங்காயத்தைப் படம் எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை முயன்று பார்க்கலாம். விளக்குச் சூட்டில் அதன் மேல்தோல் மெல்ல எழும்பிக்கொள்ளும். பத்து நிமிடம் முன்பு பார்த்த வெங்காயம் இப்போது அங்கே இருக்காது. எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்குகள் வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். வெங்காயம், பித்தளைக் குவளை, பல் போன சீப்பு, காலி மருந்துப் புட்டி, இப்படி ஏதாவது. என் மனைவி கதவருகில் வந்து நின்று, "முடிஞ்சா சொல்லுங்க, சமையலுக்கு அந்த வெங்காயம்தான் இருக்கு" என்பாள்.

சம்பாத்தியத்துக்கு நான் செய்வது பொய்ப்பல். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பக்கத்துப் பல்லின் நிறம், கறை, தேய்மானம் எல்லாம் பார்த்து அதே மாதிரி செய்து கொடுப்பேன். வேலை நன்றாக அமைந்தால் அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது.

மேசையை விட்டால் எனக்குப் பழைய கட்டடங்கள். ஊரில் இருப்பவற்றில் என் உயிர் நூலகக் கட்டடம்தான். ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்தது. மாடியில் வரிசையாக ஏழு வளைவு ஜன்னல்கள். என் மனைவி அங்கே நூலகர். அவளைக் கொண்டுபோய் விடும்போதுதான் காலை வெயில் அந்த முகப்பில் ஏறுவதைக் கவனித்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை எட்டே முக்கால், எதிரே தையல் கடை வாசலில் முக்காலியை நிறுத்தி ஒரே ஒரு படம். பத்து வருடத்தில் நூற்றிருபது படம் என்று திட்டம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். என் தம்பி கல்யாணத்தன்றுகூடப் போய்விட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

நூற்றுப் பன்னிரண்டு படம் முடிந்திருந்தபோது, கூரைக்கு அடியில் இருக்கும் பழைய பத்திரிகை அறைச் சுவரில் விரிசல் கண்டார்கள். ஒரு பொறியாளர் வந்தார். விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரு முனையையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார்.

"சுவர் ஒரு நூல் நகந்தாலும் இது ஒடஞ்சிரும் சார். ஒடஞ்சா அன்னைக்கே எல்லாரையும் வெளிய அனுப்பிடணும். முகப்பு பூரா இரும்புச் சட்டம் கட்டி முட்டுக் குடுத்துருவோம்" என்றார். பல ஊர்க் கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. எப்படியும் கேமராவோடு அலைகிறவன்தானே என்று, வாரம் ஒரு முறை அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார். அறைச் சாவி என் கைக்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறாவது வாரம் போய்ப் பார்த்தபோது கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில் நேராக ஒரு கீறல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஏழு படங்கள் மிச்சம் இருந்தன. சட்டம் கட்டினால் இரண்டு வருடத்துக்கு முகப்பு தெரியாது. முட்டுக் கொடுத்திருந்தால் கட்டடம் பிழைத்திருக்குமே என்று கேட்டீர்கள். பிழைத்திருக்கும். ஆனால் தெரிந்திருக்காது. அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பல் அச்சுக்கு வைத்திருந்த மாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுவர்த்துண்டு வார்த்தேன். சுண்ணாம்பு பூசி, டீத்தண்ணீரால் பழுப்பாக்கி, அரத்தால் விரிசல் போட்டேன். பழைய படச்சட்டத்திலிருந்து கண்ணாடி வெட்டினேன். பொறியாளரின் கையெழுத்தில் தேதி எழுதத்தான் ஒரு முழு நாள் ஆனது. வெங்காயம் இருந்த இடத்தில் அதை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அன்று பயமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம்.

கிட்டத்தட்டக் கண்டுபிடித்தும்விட்டார். மறுநாளே கூப்பிட்டார். "சார், எப்பவும் நிழல் வலது பக்கம் விழும். இந்த வாரம் இடது பக்கம் விழுதே?"

அந்த அறையின் ஜன்னல் இடது பக்கம். என் மேசை விளக்கோ வலது பக்கம். இவ்வளவு செய்தவன் அதை மறந்திருக்கிறேன்.

"மேகமா இருந்துச்சு சார், கைவிளக்கு வச்சு எடுத்தேன்" என்றேன்.

"அதானே பாத்தேன். ஜன்னல் வெளிச்சத்துலயே எடுங்க சார், அதான் நல்லாருக்கு."

அதன் பிறகு தவறு நேரவில்லை. வாரா வாரம் கொஞ்சம் தூசி சேர்த்தேன். ஒரு முறை சிலந்தி நூல்கூட வைத்தேன். "சிலந்தியே குடி வந்துருச்சா, அப்ப சுவர் கல்லு மாதிரி இருக்குன்னு அர்த்தம்" என்று சிரித்தார். அவர் நேரில் வர வேண்டிய மாதமும் வந்தது. படம்தான் வருகிறதே என்று தள்ளிப்போட்டார்.

ஒரு நாள் என் மனைவி மேசைத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டாள். "இது என்ன, வெங்காயம் போயி இப்ப சுவரா? அடுத்தது என்ன, கக்கூஸ் கதவா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். மாடிக்கும் மேலே அந்தப் பத்திரிகை அறை வரை அவள் ஏறுவதே இல்லை, முழங்கால் வலி.

நாலைந்து மாதத்தில் அவளே சொல்ல ஆரம்பித்தாள். "மாடிக் கதவு மூடவே மாட்டேங்குதுங்க. நேத்து புத்தகத்து மேலெல்லாம் சுண்ணாம்புத் தூள். கண்ணாடி சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

"நீங்க சொன்னா சரி."

அடுத்த நாள் இழைப்புளியோடு போய்க் கதவின் மேல்விளிம்பைச் சீவி, நன்றாக மூடும்படி செய்து கொடுத்தேன். தினமும் பத்திரிகை படிக்க வரும் பழைய தபால்காரர் விட்டத்தைப் பார்த்துத் தயங்கினாராம். "எங்க வீட்டுக்காரரே வாராவாரம் பாத்துட்டு வர்றாரு, பயப்படாம ஒக்காருங்க" என்று இவள் தைரியம் சொன்னாளாம். அதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நூற்றுப் பத்தொன்பதாவது படம். ஏழு ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும், சீக்கிரம் மேலே போய்த் திறந்துவிடு என்று அவளை அனுப்பினேன். தபால்காரரும், தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண்ணும் அவளோடு மாடிக்குப் போனார்கள். ஆறு ஜன்னல்கள் திறந்தன. ஏழாவது இறுகிப்போயிருந்தது. அவள் அதைத் தோளால் முட்டுவது தெரிந்தது. கடைசியில் அதுவும் திறந்தது.

நான் வெளிச்சத்தைச் சரிபார்த்துக் கையை எடுக்கும்போது அவள் மூன்றாவது ஜன்னலுக்கு வந்தாள். பாதி உடம்பு வெளியே தெரியக் குனிந்து, இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னாள். பேருந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தையல்காரர், "அண்ணே, அக்கா ஏதோ சொல்றாங்க" என்றார். என் படங்களில் ஆட்கள் இருப்பதில்லை. உள்ளே போ என்று கை காட்டினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நான் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

கண்ணாடி உடைந்தது எனக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதமாகத் தெரியும். மூன்று பேர் சாவுக்கும் நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். சுவர் விழுகிறது, ஏணி கொண்டுவா என்று அவள் கத்தியதாகத் தையல்காரர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன தெரியும்? ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று, போதுமா என்றுதான் அவள் கேட்டாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவன், அவள் கையசைவு எனக்குத் தெரியாதா?