ஒரு வினைச்சொல்லுக்கு ஒன்பது அட்டைகள்

தலைவர் புவனேசன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, லண்டனின் ஹரோவிலிருந்தும் விம்பிள்டனிலிருந்தும் வந்து கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம்.

இலத்தீன் ஆசிரியர், அகராதி அறிஞர் விஜயரத்தினம் மாஸ்டர் மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். எல்லோர் கையிலும் நினைவு மலர் இருக்கிறது. போன வருடம்தான் வாசிக்கப் பழகிய நான், எழுத்துக் கூட்டி இருபத்துநான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டேன். மாலை போட்ட படங்கள் எட்டு. அனுதாபச் செய்திகள் பதினான்கு. அவர் எழுதிவந்த இலத்தீன்-தமிழ் அகராதியிலிருந்து ஒரு சொல்? ஒன்றுகூட இல்லையே!

அவர் எப்படி உழைத்தார் தெரியுமா? இலத்தீனில் சுமக்கிறேன் என்றால் ஃபெரோ. சுமந்தேன் என்றால் துலி. சுமக்கப்பட்டது என்றால் லாதுஸ். ஒன்றுக்கொன்று ஒரு சாடைகூட இல்லை. ஆனால் மூன்றும் ஒரே சொல்லாம்! அதன் பொருள்களுக்குத் தமிழ் தேடி, பேக்கரியில் மா மூட்டை சுமந்த என்னிடம் வந்தார்.

“அண்ணை, தோளில மூட்டை இருந்தா என்ன சொல்லுவியள்?”

“சுமக்கிறன்.”

“நோவெண்டால்?”

“பொறுக்கிறன்.”

“மரத்தில பழமெண்டால்?”

“காய்க்கிறது. அது மரத்தின்ர வேலை, என்ர இல்லை.”

மாஸ்டர் உட்கார்ந்திருந்த கதிரை ஆடச் சிரித்தார். இலத்தீனில் இவை எல்லாவற்றுக்கும் ஃபெரோதான். ஊரார் ஒரு கதையைச் சொல்லித் திரிந்தாலும் ஃபெரோதான். பொருளுக்கு ஓர் அட்டை எழுதினார், ஒரு பக்கம் இலத்தீன், மறுபக்கம் தமிழ். அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் ஒன்பது அட்டைகள், இரண்டு வருடங்கள்!

அப்படிச் சேர்ந்தவை பதினொரு சப்பாத்துப் பெட்டிகள். வீட்டைக் காலி செய்ய வேண்டிய மகள் ஆரணி, பெட்டிகளை வைத்திருக்க முடியுமா என்று நம் சங்கத்தைக் கேட்டார். சங்கம் சொன்னது என்ன?

“படங்களைத் தாங்கோ பிள்ளை, மலருக்கு வேணும். அட்டையளைக் கவுன்சில் குப்பைத் தொட்டியில போடுங்கோ. இப்ப ஆர் இலத்தீன் படிக்கினம்?”

அப்படிச் சொன்னவர்களே சற்றுமுன் இந்த ஒலிவாங்கியில் அவரைப் பன்மொழிக் கடல் என்றார்கள்! கடலையா தொட்டியில் போடச் சொன்னீர்கள்?

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இந்த உரையை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் எடுத்தது. வாசிக்க ஐந்து நிமிடம் தரக்கூடாதா?

மாஸ்டரின் பணி நிற்காது. எனக்கு இலத்தீன் தெரியாது. அட்டையின் தமிழ்ப் பக்கத்தை மெதுவாக வாசிப்பேன். மறுபக்கத்தை வாசிக்க இத்தனை படித்தவர்களில் ஒருவர்கூடவா இல்லை? பெட்டிகள் பதினொன்றும் இப்போது கிங்ஸ்பரியில் என் முன்னறையில் இருக்கின்றன. ஆரணியைக் கேட்டுத்தான் எடுத்தேன், சங்கத்தைக் கேட்கவில்லை. கோபம் உள்ளவர்கள் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து கோபிக்கலாம். ஆளுக்கொரு பேனையும் கொண்டு வாருங்கள்.

மாஸ்டர் ‘ஜி’ எழுத்தோடு நின்றுவிட்டார். நாம் ‘எச்’சில் தொடங்குகிறோம்.